முதன்மை வரிசை ஒரு பாதையல்ல

கேள்வி: நான் தஞ்சை மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் வானியல் அறிமுகம் என்ற விருப்பப் பாடத்தை எடுத்திருக்கிறேன். விண்மீன் பரிணாமம் பகுதியில் வாயு மேகம், முதன்மை வரிசை, செம்பெருமீன், வெண்குறுமீன் என எல்லாக் கட்டங்களையும் வரிசையாக மனப்பாடம் செய்திருந்தும், அகமதிப்பீட்டுத் தேர்வில் பாதி மதிப்பெண்கூடக் கிடைக்கவில்லை. "சூரியன் வருங்காலத்தில் முதன்மை வரிசையில் மேலேறி நீல விண்மீன் ஆகுமா?" என்ற கேள்விக்கு "ஆகும்" என்று எழுதினேன், தவறு என்றார்கள். "திருவாதிரை சூரியனை விடக் குளிர்ந்தது, ஆனாலும் பல்லாயிரம் மடங்கு ஒளிர்வது ஏன்?" என்பதற்கு விடை தெரியவில்லை. செம்பெருமீனின் உள்ளே வெப்பம் கூடும்போது வெளியே ஏன் குளிர்கிறது என்பதும் புரியவில்லை. நான் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவள். பருவத் தேர்வுக்கு ஆறு வாரங்கள் இருக்கின்றன. எப்படிப் படிப்பது?

பதில்: அன்புள்ள மாணவிக்கு, வணக்கம்.

இந்தப் பாடத்தைப் பல ஆண்டுகள் கல்லூரியில் நடத்தியவன் என்ற முறையில் முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்த பிழை கவனக்குறைவால் வந்ததன்று. பெரும்பாலான மாணவர்கள் அதே இடத்தில்தான் இடறுகிறார்கள். அதற்கு, விண்மீன்களின் வெப்பநிலையையும் ஒளிர்திறனையும் காட்டும் எச்.ஆர். வரைபடத்தின் தோற்றமே பெரிய காரணம். வலப்பக்கக் கீழ்மூலையிலிருந்து இடப்பக்க மேல்மூலை வரை முதன்மை வரிசை என்ற ஒரு பட்டை சாய்வாக ஓடுவதைப் பார்க்கும் கண், அதை இயல்பாகவே ஒரு சாலை என்று எடுத்துக்கொள்கிறது. அதன்பின் விண்மீன்கள் அந்தச் சாலையில் நடந்து போவதாக மனம் கற்பனை செய்துகொள்கிறது. நீங்கள் கேட்டிருக்கும் மூன்று கேள்விகளில் முதலாவது இந்தக் கற்பனையிலிருந்தே பிறந்தது. ஆகவே அதைச் சரிசெய்யாமல் மற்றவற்றுக்குப் போவதில் பயனில்லை.

டென்மார்க்கைச் சேர்ந்த ஹெர்ட்ஸ்பிரங் 1911-இல் விண்மீன் கொத்துகளுக்கும், அமெரிக்காவின் ஹென்றி நாரிஸ் ரஸ்ஸல் 1913-இல் தொலைவு தெரிந்த தனி விண்மீன்களுக்கும் தனித்தனியே வரைந்தவற்றின் வாரிசுதான் உங்கள் பாடநூலில் உள்ள எச்.ஆர். வரைபடம். கிடை அச்சில் மேற்பரப்பு வெப்பநிலையும் (இடப்பக்கம் வெப்பம் மிகுந்தவை, வலப்பக்கம் குறைந்தவை என்பதை மறவாதீர்கள்), நிலை அச்சில் ஒளிர்திறனும் (விண்மீன் ஒவ்வொரு நொடியும் வெளியிடும் மொத்த ஒளி) குறிக்கப்படுகின்றன. அதிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் ஒரு விண்மீன் இன்று எப்படி இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. அது எங்கிருந்து வந்தது, எங்கே போகும் என்று அந்தப் புள்ளி சொல்வதில்லை. திருவிழாக் கூட்டத்தை ஒரே ஒரு புகைப்படம் எடுத்து, அதில் உள்ள ஒவ்வொருவரின் உயரத்தையும் எடையையும் வரைபடமாக்கினால் புள்ளிகள் ஒரு சாய்ந்த பட்டையாகத்தான் விழும். அதைப் பார்த்துவிட்டு, குள்ளமான பெரியவர் ஒவ்வொருவரும் போகப்போக உயரமாகி விடுவார் என்று யாரும் சொல்வதில்லை.

முதன்மை வரிசை என்பது நிறைகளின் வரிசை. சூரியனின் நிறையில் 0.08 பங்கு மட்டுமே கொண்டவை கீழ்மூலையில் இருக்கின்றன. பல பத்து மடங்கு நிறையுள்ளவை மேல்மூலையில் இருக்கின்றன. மையத்தில் ஹைட்ரஜன் ஹீலியமாக இணையத் தொடங்கும்போது, ஒரு விண்மீன் தன் நிறைக்கு உரிய இடத்தில் அந்தப் பட்டையில் அமர்கிறது. மையத்து ஹைட்ரஜன் தீரும்வரை ஏறத்தாழ அங்கேயே இருக்கிறது. "ஏறத்தாழ" என்ற சொல்லை வேண்டுமென்றே சேர்த்தேன். சூரியன் பிறந்து 460 கோடி ஆண்டுகளில் அதன் ஒளிர்திறன் ஏறக்குறைய 30 சதவீத அளவில் கூடியிருக்கிறது, ஆகவே அது பட்டைக்குள்ளேயே சிறிது மேலே நகர்ந்திருக்கிறது. ஆனால் பட்டையின் நீளவாக்கில் ஏறி நீல விண்மீன் ஆக வேண்டுமானால் அதன் நிறை பல மடங்காக வேண்டும், அதற்கு வழியில்லை. இன்னும் ஏறத்தாழ 500 கோடி ஆண்டுகளில் அது பட்டையை விட்டு வலப்பக்கமாக விலகி, பிறகு மேலே ஏறும். இதை எழுதியிருந்தால் முழு மதிப்பெண் கிடைத்திருக்கும்.

இங்கே நீங்கள் கேட்காத, ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு விண்மீன் பிறந்து மடிவதை எந்த மனிதரும் முழுமையாகப் பார்த்ததில்லை. கையிலிருப்பது ஒரே ஒரு புகைப்படம் என்றால், இந்தக் கட்டங்களின் வரிசை நமக்கு எப்படித் தெரிந்தது? இந்தப் பாடத்தின் உயிர் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன். இதற்கு விடை தெரிந்தவருக்குக் கட்டங்களை மனப்பாடம் செய்யும் தேவை பெரும்பாலும் இராது.

நீங்கள் தஞ்சை மாவட்டத்துக்காரர் என்பதால் வயலிலிருந்தே தொடங்குகிறேன். ஒரே நாளில் அடுத்தடுத்த வயல்களில் மூன்று நெல் ரகங்களை விதைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: 110 நாளில் அறுவடைக்கு வரும் ஆடுதுறை 36, 135 நாள் ரகம் ஒன்று, 155 நாளுக்கு மேல் வேண்டியிருக்கும் சி.ஆர். 1009. விதைத்த தேதி தெரியாத ஒருவர் ஒரு நாள் காலையில் அந்த வழியாகப் போகிறார். குறுகிய கால ரகம் அறுவடை முடிந்து தாளாக நிற்கிறது, நடுத்தர ரகம் கதிர் முற்றிச் சாய்ந்திருக்கிறது, நீண்ட கால ரகம் இன்னும் பச்சையாக இருக்கிறது. விதைத்து ஏறத்தாழ 135 நாள் ஆகியிருக்க வேண்டும் என்று அவர் யாரையும் கேட்காமலே சொல்லிவிடுவார். ஒரே ஒரு பார்வை போதும், ஏனென்றால் எல்லாம் ஒரே நாளில் விதைக்கப்பட்டவை, ஒவ்வொன்றும் வேறு வேகத்தில் முற்றுபவை.

விண்மீன் கொத்து என்பது அப்படிப்பட்ட வயல். ஒரே மேகத்திலிருந்து, ஏறத்தாழ ஒரே காலத்தில், பல்வேறு நிறைகளோடு பிறந்த விண்மீன்கள் அதில் இருக்கின்றன. அவை எல்லாம் நம்மிடமிருந்து ஏறத்தாழ ஒரே தொலைவில் இருப்பதால், எது உண்மையிலேயே அதிகம் ஒளிர்வது என்பதைத் தோற்றத்தைக் கொண்டே ஒப்பிடலாம். நிறை மிகுந்தவை குறுகிய கால ரகம். அவையே முதலில் முதன்மை வரிசையை விட்டு விலகுகின்றன. இப்போது மூன்று கொத்துகளை அடுத்தடுத்துப் பாருங்கள். நாம் கார்த்திகை என்று அழைக்கும் கொத்தின் வயது 10 கோடி ஆண்டுகளுக்குச் சற்று மேல்; அங்கே பட்டையின் உச்சிப் பகுதி மட்டும் காலியாக இருக்கிறது, வெப்பம் மிகுந்த ஓ வகை விண்மீன் ஒன்றுகூட இல்லை. ரோகிணிக்குப் பின்னணியில் வி வடிவில் தெரியும் ஹையடஸ் கொத்துக்கு ஏறத்தாழ 65 கோடி ஆண்டு. அங்கே நீல விண்மீன்கள் எல்லாம் போய், அவற்றுக்குப் பதிலாக நான்கு பெருமீன்கள் தனியே வலப்பக்கம் நிற்கின்றன. கடக ராசியில் உள்ள எம்67 என்ற கொத்துக்கு ஏறத்தாழ 400 கோடி ஆண்டு. அங்கே சூரியனை விடச் சற்றே நிறை கூடியவை வரை எல்லாமே விலகிவிட்டன, விலகியவை ஒரு தொடர்ச்சியான வளைவாகச் செம்பெருமீன்களை நோக்கி ஏறிக்கொண்டிருக்கின்றன. பட்டை மேலிருந்து கீழாக, மெழுகுவர்த்தி கரைவது போலக் குறைந்துகொண்டே வருகிறது. பட்டை முடிந்து வளைவு தொடங்கும் அந்தத் திருப்புமுனைதான் கொத்தின் வயதைச் சொல்கிறது. பாடநூலில் அம்புக்குறி போட்டுக் காட்டப்படும் பாதை இந்த ஒப்பீட்டின் மேல்தான் நிற்கிறது.

நிறை மிகுந்தவை ஏன் விரைவில் முடிகின்றன என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும், அதைத் தேர்விலும் கேட்பார்கள். சூரியனின் நிறை 2 × 10³⁰ கிலோ. அதில் மையத்தில் எரிபொருளாகப் பயன்படுவது ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு; அதன் நிறையில் 0.7 சதவீதம் ஆற்றலாக மாறுகிறது. ஒளியின் வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் ஏறத்தாழ 1.3 × 10⁴⁴ ஜூல் வரும். சூரியன் ஒவ்வொரு நொடியும் 3.8 × 10²⁶ ஜூல் செலவழிக்கிறது, வகுத்தால் 3.3 × 10¹⁷ நொடி, அதாவது ஏறத்தாழ 1,000 கோடி ஆண்டு. இனி 10 மடங்கு நிறையுள்ள விண்மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கையிருப்பு 10 மடங்குதான்; ஆனால் ஒளிர்திறன் நிறையின் 3.5-ஆம் அடுக்கில் கூடுவதால் செலவு 3,000 மடங்குக்கு மேல். ஆயுள் ஏறத்தாழ 3 கோடி ஆண்டாகச் சுருங்குகிறது. பாதி நிறையுள்ள விண்மீனுக்கோ 5,000 கோடி ஆண்டுக்கு மேல் வருகிறது. பேரண்டத்தின் வயதே ஏறத்தாழ 1,380 கோடி ஆண்டு என்பதால், அப்படிப்பட்ட விண்மீன் ஒன்றுகூடத் தன் வழியில் இதுவரை மடிந்திருக்க முடியாது. இந்தக் கணக்கைப் பார்க்காமல் இரண்டு முறை உங்கள் கையால் போட்டுப் பாருங்கள்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். "குளிர்ந்தது, ஆனாலும் ஒளிமிக்கது" என்பது முரணாகத் தோன்றுவதற்குக் காரணம், ஒரு சதுர மீட்டர் பரப்பு தரும் ஒளியையும் முழு விண்மீன் தரும் ஒளியையும் ஒன்றாக எண்ணிவிடுவதுதான். ஒரு சதுர மீட்டர் தருவது வெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. திருவாதிரையின் மேற்பரப்பு ஏறத்தாழ 3,500 கெல்வின், சூரியனுடையது 5,772 கெல்வின். விகிதத்தை நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால், திருவாதிரையின் ஒவ்வொரு சதுர மீட்டரும் சூரியனுடையதில் ஏழில் ஒரு பங்கு ஒளியையே தருகிறது. ஆனால் அதன் ஆரத்தைச் சூரியனைப் போல் 700 மடங்கு என்று வைத்துக்கொண்டால் (அளவீடுகள் இதற்கு முன்பின்னாக இருக்கின்றன), பரப்பு 4,90,000 மடங்கு. ஏழால் வகுங்கள்: 70,000 மடங்கு ஒளி.

அதே கணக்கை எதிர்ப்பக்கமும் செய்துபார்க்க வேண்டும். சிரியஸ் விண்மீனின் துணையான வெண்குறுமீனின் (எரிபொருள் தீர்ந்து சுருங்கிய விண்மீனின் எச்சம்) மேற்பரப்பு ஏறத்தாழ 25,000 கெல்வின். ஒரு சதுர மீட்டருக்குச் சூரியனைப் போல் 350 மடங்கு ஒளி. ஆனால் அது பூமியை விடச் சற்றுச் சிறியது, சூரியனின் ஆரத்தில் ஏறத்தாழ 120-இல் ஒரு பங்கு. முடிவில் சூரியனில் நாற்பதில் ஒரு பங்கு ஒளிதான் மிஞ்சுகிறது. இதனால்தான் ஜெர்மன் வானியலாளர் பெசல் 1844-இல் சிரியஸின் தள்ளாட்டத்தை வைத்து அப்படி ஒரு துணை இருக்க வேண்டும் என்று சொல்லியும், 1862-இல் ஆல்வன் கிரஹாம் கிளார்க் அதைத் தொலைநோக்கியில் காணும் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வரைபடத்தில் வலப்பக்க மேல்மூலையில் உள்ளவை எல்லாம் பெரியவை, இடப்பக்கக் கீழ்மூலையில் உள்ளவை எல்லாம் சிறியவை என்பதை இந்த இரண்டு கணக்குகளைச் செய்தவர் பிறகு மறக்கமாட்டார்.

உங்கள் மூன்றாவது கேள்விதான் மூன்றிலும் ஆழமானது. அதற்கு விடை காண, நம் அன்றாட அனுபவத்துக்கு எதிரான ஓர் உண்மையை ஏற்க வேண்டும். அடுப்பிலிருந்து இறக்கிய பாத்திரம் வெப்பத்தை இழக்க இழக்கக் குளிர்கிறது. தன் ஈர்ப்பால் தன்னையே கட்டிவைத்திருக்கும் வாயுக்கோளம் ஆற்றலை இழக்க இழக்க உட்புறம் வெப்பமடைகிறது. ஆற்றல் வெளியேறினால் அழுத்தம் தளர்கிறது. தளர்ந்தால் ஈர்ப்பு அதைச் சுருக்குகிறது. சுருங்கும்போது விடுபடும் ஈர்ப்பாற்றலில் பாதி ஒளியாக வெளியே போகிறது, மறுபாதி வாயுவைச் சூடாக்குகிறது. காற்றின் உராய்வால் ஆற்றலை இழக்கும் செயற்கைக்கோள் தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு இறங்கி முன்னிலும் வேகமாகச் சுற்றுவதும் இதே விதியால்தான். இயந்திரவியல் பாடத்தில் இதை நீங்கள் படித்திருப்பீர்கள். இங்கே அதுவே விண்மீன் அளவில் நடக்கிறது.

இனி கதை தானாகவே நகரும். மையத்தில் ஹைட்ரஜன் தீர்ந்தபின் எஞ்சும் ஹீலியக் கரு, இணைவால் தன்னைத் தாங்கிக்கொள்ள முடியாமல் சுருங்குகிறது, சுருங்குவதால் வெப்பமடைகிறது. அதைச் சுற்றியுள்ள மெல்லிய ஓட்டில் ஹைட்ரஜன் முன்னிலும் கடுமையாக இணையத் தொடங்குகிறது. வெளியுறை பெருமளவு விரிகிறது. விரிந்த பரப்பின் வழியே ஆற்றல் பரந்து வெளியேறுவதால் மேற்பரப்பு குளிர்ந்து சிவக்கிறது. சூரியன் இந்தக் கட்டத்தின் உச்சியில் இன்றைய ஆரத்தைப் போல் 200 மடங்குக்கும் மேல் விரியும். அதன் மேற்பரப்பு ஏறத்தாழ 3,000 கெல்வின் அளவுக்குக் குறையும். மையமோ இன்றைய 1.5 கோடி கெல்வினிலிருந்து 10 கோடி கெல்வினை எட்டி, ஹீலியம் கார்பனாக இணையத் தொடங்கும். உள்ளே சுருக்கமும் வெளியே விரிவும் ஒரே நிகழ்வின் இரு முகங்கள் என்பதைத் தேர்வில் தெளிவாக எழுதுங்கள். வெளியுறை ஏன் இவ்வளவு விரிய வேண்டும் என்பதற்குக் கணினி மாதிரிகள் ஐயமின்றி விடை தருகின்றன. ஆனால் எல்லோரும் ஒப்புக்கொள்ளும் ஒற்றை வரி விளக்கம் இன்றும் இல்லை. ஆகவே அந்த இடத்தில் உங்களுக்கு முழு நிறைவு வரவில்லையென்றால் அதைக் குறையாக எண்ண வேண்டாம். வானியலாளர்களும் அங்கே நின்று விவாதித்திருக்கிறார்கள்.

வெண்குறுமீன் பகுதியில் ஒரு பிழையை முன்கூட்டியே தடுத்துவிட விரும்புகிறேன், ஏனென்றால் நான் திருத்திய விடைத்தாள்களில் மிக அதிகமாகப் பார்த்தது இதுதான். "1.4 சூரிய நிறைக்கு மேற்பட்ட விண்மீன்கள் வெடித்துவிடும்" என்று எழுதுவார்கள். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல், தம் 19-ஆம் வயதில், மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலில் போகும்போது தொடங்கிய கணக்கிலிருந்து வந்தது அந்த எண். சுருங்கிய விண்மீனில் எலக்ட்ரான்கள் ஓர் அளவுக்கு மேல் நெருங்க மறுப்பதால் எழும் அழுத்தம், டிஜெனரசி அழுத்தம் என்று உங்கள் நூல் சொல்வது, எவ்வளவு நிறையைத் தாங்கும் என்பதன் எல்லை அது. வெண்குறுமீனாக எஞ்சும் கருவுக்குத்தான் அந்த எல்லை பொருந்துமே ஒழிய, பிறந்தபோது இருந்த முழு நிறைக்குப் பொருந்தாது. ஏறத்தாழ 8 சூரிய நிறை வரை பிறக்கும் விண்மீன்கள் தம் வெளியுறையைப் பெருமளவு உதறிவிட்டு எல்லைக்குக் கீழேயே அடங்கி விடுகின்றன.

இதற்குச் சான்று மறுபடியும் கொத்துதான். கார்த்திகைக் கொத்தில் நெடுங்காலமாக அறியப்பட்ட ஒரு வெண்குறுமீன் உண்டு. அதன் நிறை சூரியனுடையதை ஒட்டியது. ஆனால் அந்தக் கொத்தின் வயதில் ஏறத்தாழ 5 சூரிய நிறையுள்ளவையே இப்போதுதான் முதன்மை வரிசையை விட்டு விலகிக்கொண்டிருக்கின்றன. ஆகவே அந்த வெண்குறுமீன் அதைவிட நிறை கூடியதாகப் பிறந்து, பெரும்பகுதியை இழந்திருக்க வேண்டும். பயிரில் முதலில் அறுவடையான ரகம் எது என்று நிற்கும் தாளை வைத்துச் சொல்வதற்கு ஒப்பானது இது. சந்திரசேகரின் முடிவை 1935-இல் லண்டனில் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் வெளிப்படையாக மறுத்ததும், 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்ததும் நீங்கள் அறிந்தவையே. அந்த வரலாற்றை விடைத்தாளில் நீட்டுவதை விட, எல்லை எதற்கு உரியது என்பதைச் சரியாக எழுதுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

நிறை மிகுந்தவற்றின் முடிவைச் சுருக்கமாகவே சொல்கிறேன், உங்கள் நூல் இதை நன்றாக விளக்கியிருக்கும். கார்பன், நியான், ஆக்சிஜன், சிலிக்கான் என இணைவு படிப்படியாக ஏறி இரும்பை எட்டும்போது, மேலும் இணைத்தால் ஆற்றல் கிடைக்காது என்ற நிலை வருகிறது. கரு நொடிக்கும் குறைவான நேரத்தில் சரிகிறது. இது வெறும் கோட்பாடன்று. 1987 பிப்ரவரி 23 அன்று நம் பால்வழிக்கு அருகிலுள்ள சிறு விண்மீன் மண்டலமான பெரிய மெகல்லன் மேகத்தில் வெடித்த விண்மீனின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே, ஜப்பானின் கமியோகாண்டே, அமெரிக்காவின் ஐ.எம்.பி., சோவியத் நாட்டின் பக்சான் ஆகிய மூன்று கருவிகளிலும் சேர்த்து ஏறத்தாழ இரண்டு டஜன் நியூட்ரினோக்கள் (பொருள்களை எளிதில் ஊடுருவிச் செல்லும் நுண்துகள்கள்) பதிவாயின. கரு சரியும்போது நிகழ வேண்டும் என்று கணித்திருந்தது அதுதான். அதேசமயம், வெடித்தது பலரும் எதிர்பார்த்த சிவப்பு மீப்பெருமீனாக இல்லாமல் நீல மீப்பெருமீனாக இருந்தது. பாடநூலில் உள்ள பாதைகள் பொதுப்போக்கைச் சொல்பவை என்பதற்கு இதை ஒரு வரியாகச் சேர்த்து எழுதினால், படித்தவர் என்று திருத்துபவருக்குத் தெரியும்.

நிறமாலை வகைகளின், அதாவது விண்மீன் ஒளியை நிறங்களாகப் பிரிக்கும்போது தெரியும் கோடுகளைக் கொண்டு பிரித்த வகைகளின், எழுத்து வரிசையைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் என்பதை வாய்பாடாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் எதுவும் விளங்காது. முதலில் ஹைட்ரஜன் கோடுகளின் அடர்த்தியை வைத்து அகரவரிசையில் இட்ட பெயர்களை, ஹார்வர்டில் ஆனி ஜம்ப் கேனன் வெப்பநிலை வரிசையில் மாற்றி அடுக்கியதால்தான் எழுத்துகள் இப்படிக் கலைந்திருக்கின்றன. ஏ வகையில் ஹைட்ரஜன் கோடுகள் மிக அடர்த்தியாக இருப்பதற்கு அங்கே ஹைட்ரஜன் அதிகம் என்பது காரணமன்று. ஏறத்தாழ 10,000 கெல்வினில்தான் அந்தக் கோடுகளை உண்டாக்கும் நிலையில் அணுக்கள் மிகுதியாக இருக்கும். அதை விடக் குறைந்தால் எலக்ட்ரான் மேல்மட்டத்துக்கு ஏறாது, கூடினால் அணுவை விட்டே பிரிந்துவிடும். மேக்நாத் சாகா 1920-இல் தந்த அயனியாக்கச் சமன்பாட்டின் பயன் இதுதான். அதைக் கொண்டு சிசிலியா பெய்ன் 1925-இல், விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனாலும் ஹீலியத்தாலும் ஆனவை என்று கண்டார். ரஸ்ஸல் ஏற்க மறுத்ததால், அந்த முடிவு உண்மையாக இருக்க வாய்ப்பில்லை என்று தம் ஆய்வேட்டிலேயே அவர் எழுத வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுகள் கழித்து ரஸ்ஸலே அது சரியென்று ஒப்புக்கொண்டார். 25 வயதில் ஓர் இளம்பெண் கண்ட உண்மையைத்தான் இன்று நீங்கள் முதல் அத்தியாயத்தின் முதல் வரியாகப் படிக்கிறீர்கள். அந்த வரியை ஒருகணம் நின்று படியுங்கள்.

ஆறு வாரத்தில் என்ன செய்வது என்று கேட்டீர்கள். முதல் வாரத்தில் புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இரண்டு வரைபடத்தாள்களை வாங்குங்கள். முதல் தாளில், வானில் நம் கண்ணுக்கு மிகப் பிரகாசமாகத் தெரியும் 20 விண்மீன்களின் மேற்பரப்பு வெப்பநிலையையும் ஒளிர்திறனையும் உங்கள் நூலின் பின்னிணைப்பிலிருந்து எடுத்துக் கையால் குறியுங்கள். இரண்டாவது தாளில், சூரியனுக்கு மிக அருகில் உள்ள 20 விண்மீன்களைக் குறியுங்கள். கணினியில் செய்ய வேண்டாம், பென்சிலால் செய்யுங்கள். முதல் தாளில் புள்ளிகள் பெரும்பாலும் மேலே, நீல விண்மீன்களும் பெருமீன்களுமாகக் கூடியிருக்கும். இரண்டாவது தாளில் ஏறத்தாழ எல்லாமே வலப்பக்கக் கீழ்மூலையில் ஒடுங்கியிருக்கும். இரண்டும் ஒரே வானம்தான். நம் பால்வழி மண்டலத்தின் விண்மீன்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, வெறுங்கண்ணுக்குத் தெரியாத சிவப்புக் குறுமீன்கள் என்பதும், கண்ணுக்குத் தெரிபவை தொலைவிலிருந்தும் தெரியும் அளவுக்கு ஒளிமிக்க சிலவே என்பதும் இந்த இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரியும். புகைப்படத்தில் யார் விழுகிறார்கள் என்பது எடுப்பவர் எங்கே நிற்கிறார் என்பதையும் பொறுத்தது. காயா விண்கலம் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களின் தொலைவை அளந்தபின் இந்தச் சிக்கல் பெருமளவு குறைந்தது. அந்தத் தரவுகளால் வரைந்த வரைபடத்தையும் ஒருமுறை பாருங்கள், வெண்குறுமீன்களின் கோடு அதில் அவ்வளவு துல்லியமாகத் தெரியும்.

அடுத்த மூன்று வாரங்களில், மேலே நான் செய்து காட்டிய கணக்குகளை வேறு எண்களோடு செய்யுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் மூன்று கேள்விகளை எழுதி விடை தேடுங்கள்: இந்த நேரத்தில் ஈர்ப்பைத் தாங்கி நிற்பது எது, அது ஏன் தீர்ந்துபோகிறது, இப்படி நடந்தது என்பதற்குச் சான்று எது? இந்த விடைகளை முதலில் தமிழிலேயே, முழு வாக்கியங்களாக எழுதுங்கள். தமிழ்வழியில் படித்தது உங்களுக்குத் தடை என்று நான் கருதவில்லை. "ஆகவே", "ஏனெனில்", "ஆனாலும்" என்ற சொற்கள் நீங்கள் சிந்திக்கும் மொழியில் சரியான இடத்தில் விழுந்தால்தான் காரணம் புரிந்திருக்கிறது என்று பொருள். அதன்பின் ஆங்கிலத்தில் எழுதுவது ஒரு வாரப் பயிற்சி. காரணம் புரியாமல் ஆங்கிலப் பத்திகளை மனப்பாடம் செய்தவர்கள் கேள்வி சற்றே திரும்பியதும் திகைத்து நிற்பதை ஒவ்வோர் ஆண்டும் பார்த்து வருந்தியிருக்கிறேன். கடைசி இரண்டு வாரம் பழைய வினாத்தாள்களுக்கு.

இதற்கிடையில் வானத்தையும் பார்க்க வேண்டும். தை, மாசி மாதங்களில் இரவு எட்டு மணி அளவில், தெருவிளக்கு படாத மாடியோ வயல்வரப்போ கிடைத்தால் போதும். திருவாதிரையின் சிவப்பையும், அதே ஒரையன் குழுவின் எதிர்மூலையில் ரைஜலின் நீலவெண்மையையும் மாறிமாறிப் பாருங்கள். வெப்பநிலை வேறுபாடு வெறுங்கண்ணுக்கே தெரியும். ஒரையனின் இடைவாராகத் தெரியும் மூன்று விண்மீன்களுக்குக் கீழே மங்கலான ஒரு திட்டாகத் தெரிவது ஒரையன் நெபுலா, அங்கே விண்மீன்கள் இன்றும் பிறந்துகொண்டிருக்கின்றன. மேற்கே சற்று மேலே ரோகிணி, அதையும் தாண்டிக் கார்த்திகை. கிழக்குப் பக்கம் சிரியஸ், அதன் அருகில் கண்ணுக்குத் தெரியாத வெண்குறுமீன். ரோகிணி ஹையடஸ் கொத்தின் நடுவில் இருப்பதாகத் தோன்றும், ஆனால் அது அந்தக் கொத்தைச் சேர்ந்ததன்று. ரோகிணி ஏறத்தாழ 65 ஒளியாண்டுத் தொலைவிலும், கொத்து 150 ஒளியாண்டுக்கு அப்பாலும் இருக்கின்றன. கொத்தின் வரைபடத்தை வரையும்போது அதைச் சேர்த்துவிட்டால் திருப்புமுனையைப் பற்றிய உங்கள் முடிவு குழம்பும். இரவு நிலவில்லாத நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள். திருக்கார்த்திகையன்றும் மார்கழித் திருவாதிரையன்றும் முழுநிலவு அந்தந்த விண்மீனை ஒட்டியே நிற்கும் என்பதால், அந்த இரண்டு நாளும் இதற்கு ஏற்றவையல்ல.